முப்பத்து மூன்றா, நாற்பத்தைந்தா

என்னிடம் இருக்கும் இசைத்தட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு. நேற்று தூசி தட்டும்போது எண்ணினேன், நானூற்றுப் பதினொன்றுதான் வந்தது. வழக்கமாக இப்படி ஒன்று குறைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது. நேற்று எண்ணவில்லை. குறைகிற தட்டு மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊரில் ஒரு வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பது தெரியும். அந்தத் தட்டில் பாடுவது யார் என்பதுதான் தெரியவில்லை.

நான் பாசனத் துறையில் வேலை பார்த்தவன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வாய்க்கால்களில் நட்டிருக்கும் அளவுகோல்களைப் பார்த்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதிவைப்பது வேலை. ஓய்வு பெற்றபின் பார்க்கக் கோடு இல்லாமல் போய்விட்டது. தட்டுகளின் மேல் ஆசை வந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ. தட்டிலும் கோடுகள்தானே. சினிமாப் பாட்டு வாங்குவதில்லை. கும்மி, தாலாட்டு, உடுக்கைப் பாட்டு, வில்லுப்பாட்டு, எங்கள் பக்கத்துக் கண்யார்களிப் பாட்டு, மலையாள நாடன் பாட்டு என்று எல்லாமே ஊர்ப் பாட்டுகள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், வெயில் காலத்தில் தட்டு வளையும். வருடத்தில் கவலைப்படாத மாதம் என்று ஒன்று கிடையாது.

தட்டு வைத்திருக்காதவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிளேயரில் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொன்றும் சுற்ற வேண்டும். ஏழங்குலச் சின்னத் தட்டு நாற்பத்தைந்து சுற்று. மாற்றி வைத்தால் பாடுகிறவர் குரலே மாறிவிடும். ஏழங்குலத்திலும் முப்பத்து மூன்றில் ஓடுகிறவை சில உண்டு. அதை அறியாதவன் அல்ல நான். என்னிடமே அப்படி நான்கு இருக்கின்றன. ஆனால் அவற்றின் நடுவில் ஒட்டிய தாளில் வேகம் அச்சாகியிருக்கும்.

நான் சொல்லவந்த தட்டில் அந்தத் தாள் இல்லை. சில வருடங்களுக்கு முன் போடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது பழைய பாத்திரக் கடையில் கிடைத்தது. உறை கிடையாது. நடுத்தாள் எப்போதோ தண்ணீரில் ஊறி, எழுத்தெல்லாம் உரிந்து, வெறும் வெள்ளை வட்டமாக இருந்தது. ஏழங்குலம். வீட்டுக்கு வந்து துடைத்து, திருகை நாற்பத்தைந்தில் வைத்து ஊசியை இறக்கினேன்.

ஒரு பெண் பாடினாள். பின்னால் சின்னதாக ஒரு கொட்டு, வேறு வாத்தியம் கிடையாது. மலைப்பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிற பாட்டு. ஒண்ணாம் வளைவில் ஒரு புளியமரம், ரெண்டாம் வளைவில் ஒரு சுனை, மூணாம் வளைவில் முறைக்கிற மாடு என்று போகும். போடியிலிருந்து மெட்டுக்கு ஏறுகிற பாதை என்பது பாட்டிலேயே வருகிறது. பாண்டி ஆடுகிற பிள்ளை கட்டத்துக்குக் கட்டம் தாவுகிற மாதிரி அவள் எண்ணிக்கொண்டு போனாள். எண்ணுவதை இவ்வளவு சந்தோஷமாகச் செய்கிற ஓர் ஆளை நான் அதுவரை கண்டதில்லை. எண்ணினாலே என் வீட்டில் பேச்சு வாங்குகிறவன் நான்.

அந்தத் தட்டை விளையாட்டுப் பாட்டு வரிசையில் வைத்தேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்பேன். என் மனைவி அவளுக்கு மேட்டுக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, இன்னிக்கு மேட்டுக்காரி வரலீங்களா?"

"வருவா, வருவா."

"வந்தாச் சொல்லுங்கொ. அவளுக்கும் சேத்தி ரெண்டு தோசை ஊத்தோணுமல்லொ."

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டில் வரும் வளைவுகள் உண்மையில் இருப்பதைவிட மூன்று குறைவு. அந்தப் பாதையில் பஸ்ஸில் போனபோது இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். எண்ணத் தெரிந்தவள் கடைசி மூன்றை ஏன் விட்டாள் என்பது புரியவில்லை.

போன வருடம் மகள் குடும்பத்தோடு மூணாறு போனோம். பள்ளிவாசலில் மின்நிலையத்துக்கு மேலே ரோட்டோரம் ஒரு வீட்டில் தங்கினோம். மூன்று அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். காலையில் டீ குடிக்கக் கூடத்துக்கு வந்தால், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் இசைத்தட்டு உறை மாட்டியிருந்தது. ஏழங்குலத் தட்டின் உறை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். வெயிலுக்கு முகத்தைச் சுளித்திருக்கிறார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று பார்த்தேன். வளைவு எண்ணுகிற பாட்டு என்று போட்டிருந்தது. மூலையில் ஓர் எண்.

"இது எங்கீங்க வாங்குனது?" என்றேன்.

"வாங்கலை சார். எங்க அப்பா."

"அப்பா வாங்குனதுங்களா?"

"அப்பாவே அதுதான் சார். உறுமிய மாட்டிக்கிட்டு நிக்காருல்லா, அவருதான். நீங்க மொதல்ல எறங்குங்க, அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆட்டம்."

இறங்கி உட்கார்ந்தேன். அவர் சொன்னார். அப்பா எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கோயில் கொடைக்கு உறுமி அடித்துப் பாடுவார். யாரோ கேட்டுவிட்டு மதராசுக்குக் கூட்டிப்போய்த் தட்டு போட்டார்கள்.

"போயிட்டு வந்து ஒரு வாரம் லயத்துல யாருகிட்டயும் ஒழுங்காப் பேசலை சார் மனுசன். அம்மா கேட்டா, தொண்டைக்கு ரெஸ்டுன்னு கையைக் காட்டுவாராம்."

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். லயத்தில் யாரிடமும் பிளேயர் இல்லை. கீழே சாயாக்கடையில் பாட்டரி போட்டு ஓடுகிற பெட்டி ஒன்று இருந்தது. தட்டைக் கடையில் கொடுத்துவைத்திருந்தார்கள், உறை மட்டும் வீட்டில் இருந்தது. இவர் நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பா செத்துப்போனார். பிறகு சாயாக்கடைக்காரர் கடையை ஏறக்கட்டிக்கொண்டு போடிப் பக்கம் இறங்கிவிட்டார். பெட்டியும் போயிற்று, தட்டும் போயிற்று.

"மூஞ்சி சுவத்துல இருக்கு சார். குரல்தான் இல்லை. பாட்டு வாயில இருக்கு, ஆனா பாடிப் பாத்தா என் குரல்லதான வருது."

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொல்லிவிட்டாள். "இவருகிட்டக் கேளுங்கொ. கோயமுத்தூரு ஜில்லாவுல இருக்கற ரெக்கார்டு பூராம் எங்கூட்டுலதான் கெடக்குது. வளைவு எண்ணுற பாட்டுன்னா மேட்டுக்காரிதானுங்களே?"

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "சார்கிட்ட இருக்கா?"

"பாக்கறனுங்க" என்று மட்டும் சொன்னேன். உறையின் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன்.

தட்டில் பாட்டுக் கோடுகள் முடிந்து நடுத்தாள் தொடங்கும் முன் ஒரு மொட்டை வளையம் இருக்கும். கம்பெனிக்காரர்கள் அங்கே எண்ணைப் பொறித்திருப்பார்கள். தாள் உரிந்தாலும் அது அழியாது. ஊருக்கு வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உறையில் இருந்த அதே எண். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. ஆனால் பாடுவது பெண். உறையில் இருப்பது பெரிய உறுமி, தட்டில் கேட்பது கைக்கடக்கமான கொட்டு. கம்பெனியில் ஏதோ குழப்பம், ஒருவர் எண்ணை இன்னொருவர் தட்டில் பொறித்துவிட்டார்கள் என்று முடிவுசெய்தேன். முடிவுசெய்தபின்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் அவருக்குப் போன் செய்தேன்.

"நம்பர் ஒண்ணுதானுங்க. ஆனாப் பாடறது பொம்பளைங்க."

 "அப்பாகூட யாரும் பாடலையே சார். ஒத்தையிலதான் போனாரு. மூணாம் வளைவுல மாடு முறைக்குதா?"

"முறைக்குதுங்க."

"நாலாம் வளைவுல?"

"லாரிக்காரன் மூஞ்சி கழுவறானுங்க."

"பாட்டு அதேதான் சார்" என்றார். பிறகு, "சரி, போகுது. வேற யாரோ கேட்டுப் பாடியிருப்பாங்க. கண்ட இடத்துல பாடாதீகன்னு அம்மா அப்பமே ஏசும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல சேதி வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தவர் சிரிக்கிற சிரிப்பு அது.

அதற்குப்பின் மேட்டுக்காரியைக் கேட்கும்போதெல்லாம், இவள் யார், யாரிடமிருந்து இந்தப் பாட்டை எடுத்தாள் என்ற யோசனையிலேயே பாதிப் பாட்டு போய்விடும். எண், பாட்டு, மாடு, லாரிக்காரன் எல்லாம் பொருந்துகிறது. ஆள் மட்டும் பொருந்தவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஒரு கோட்டில் நிற்கும்போது கணக்கு வேறு கோட்டைக் காட்டினால், யாராவது மதகைத் திறந்திருக்க வேண்டும் என்று தேடிப்போவோம். இதில் எங்கே போய்த் தேடுவது?

இரண்டு மாதம் கழித்து வீட்டில் இன்வர்ட்டர் பழுதாகி, எலக்ட்ரீஷியன் வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். என் அறையில் இரண்டு பிளக் பாயிண்டுகள். ஒன்றில் ஒலிபெருக்கி, மற்றொன்றில் பிளேயர். ஒலிபெருக்கிக்கு இன்வர்ட்டர் இணைப்பைக் கொடுத்தவர், பிளேயருக்குக் கொடுக்க மறந்துவிட்டார். அது எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் மேட்டுக்காரி ஆறாம் வளைவில் போய்க்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று.

நான் ஊசியைத் தூக்காமல் ஒருநாளும் பிளேயரை நிறுத்துகிறவன் அல்ல. தட்டுக்குக் கெடுதல். ஆகவே ஓடுகிற தட்டு ஊசியோடு நின்றுபோவதை நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். ஒலிபெருக்கிக்கு உயிர் இருந்தது, தட்டுக்கு இல்லை. அவள் குரல் படியிறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. இறங்குகிற வழியில், இரண்டு மூன்று வார்த்தை அளவுக்கு, ஓர் ஆண் தெளிவாகப் பாடினார். பிறகு அதுவும் உறுமலாகி நின்றுவிட்டது.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏனுங்க, ஆருங்க வந்திருக்கறது? ஆம்பளைக் கொரல் கேட்டுச்சு."

"ஆரும் வரலை."

"அப்பறம் எவன் அங்க பாடுனான்?"

 கரண்ட் வரும்வரை தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் திருகை முப்பத்து மூன்றுக்குத் திருப்பி ஊசியை வைத்தேன்.

ஏறுகிற ஆள் ஒருவர் பாடினார். நடுத்தர வயது, தலையில் சுமை, மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு வளைவும் முடிந்ததென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத்தான் எண்ணுகிறார். கொட்டு உறுமியேதான். தோலை இழுத்துத் தேய்க்கும் அந்த முனகல்கூடக் கேட்டது. தாவி விளையாடிய பெண் எங்கேயும் இல்லை. விளையாட்டுப் பாட்டும் இல்லை.

மனைவி கரண்டியோடு வந்து வாசலில் நின்று கேட்டாள். அவளுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இத்தன வருசமா மீசை வெச்ச ஆளுக்குங்களா நானு தோசை ஊத்துறன்னு சொன்னது?"

"மீசை இருந்துதா இல்லியான்னு உனக்கெப்படித் தெரியும்?"

"கவர்ல பாத்தனுங்கல்லொ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருகை மறுபடி நாற்பத்தைந்துக்குத் திருப்பினேன், அவள் வந்தாள். முப்பத்து மூன்று, அவர் வந்தார். அன்று மத்தியானம் எத்தனை முறை திருப்பினேன் என்று எண்ணவில்லை. அவள் இல்லை என்று தெரிகிறது. ஆனால் இதோ பாடுகிறாளே என்றும் தோன்றுகிறது. இல்லாத ஒருத்திக்கு எண்ணத் தெரிந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

பள்ளிவாசல்காரருக்குப் போனில் சொல்லவில்லை. ஒருமுறை தப்பாகச் சொன்னது போதும். நேரில் போய்க் காட்டிவிடுவது என்று முடிவுசெய்தேன். அவர் வீட்டில் பிளேயர் இல்லை. என்னிடம் சூட்கேஸ் மாதிரி மூடி எடுத்துப்போகிற சின்னப் பிளேயர் ஒன்று உண்டு, ஒலிபெருக்கி அதிலேயே இருக்கும். தட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு பஸ்ஸில் போனேன். பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. சின்னாறு செக்போஸ்ட்டில் காவலர் ஏறிவந்து, "பெட்டியில் எந்தா?" என்றார்.

"பாட்டுப் பெட்டிங்க."

"பாட்டோ?" திறக்கச் சொல்லிப் பார்த்தார். தட்டை வெளியே எடுக்காமல் இருக்கவேண்டுமே என்று எனக்குப் பதைப்பு. "இது இப்பழும் பாடுமோ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார்.

பள்ளிவாசலில் வீட்டுக்காரர் கூடத்து மேசையைத் துடைத்துவைத்திருந்தார். நான் எதற்கு வருகிறேன் என்று சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. பெட்டியைத் திறந்து, வேகம் மாறிய கதையைச் சொல்லி, திருகை முப்பத்து மூன்றில் வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வளைவில் கண்ணைத் திறந்தார், இரண்டாம் வளைவில் நெற்றி சுருங்கியது.

"அப்பா மாதிரித்தான் இருக்கு சார்" என்றார். "ஆனா என்னமோ அவசரமாப் பாடுதாரு. எங்கயோ பஸ்ஸு புடிக்கப் போற மாதிரி."

நான் திருகைத் தொட்டுக் காட்டினேன். "இதுதானுங்க சரியான வேகம். இதுக்குக் கீழ மெஷின்ல இல்லீங்க."

"அப்படியா" என்றார். "அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சு போல."

பாட்டு முடிந்தது. மறுபடி வைக்கச் சொன்னார். இரண்டாம் தடவை பாதியில் திடீரென்று, "சார், அந்தச் சாயாக்கடைப் பெட்டி பாட்டரிலல்லா ஓடும்" என்றார். "டார்ச் செல்லு மாதிரி பெரிய செல்லு ஆறு. செல்லு தீந்துட்டா அவரு புதுசு போடமாட்டாரு. கூரை மேல வெயில்ல காயவச்சு, அதையே திரும்பப் போடுவாரு. காயவச்சா கொஞ்சம் உசிரு வரும்லா? ஆனா இந்த ஊருல எங்க சார் வெயிலு? பாதி நாளு மஞ்சுதான். பாட்டு இழுத்துக்கிட்டேதான் ஓடும்."

எங்கள் ஊரிலும் டார்ச் செல்லை வெயிலில் வைப்போம். எங்கள் வெயிலுக்கு அது உண்மையிலேயே பிழைத்துக்கொள்ளும். இவர்கள் ஊரில் மூன்று வளைவு தாண்டுமுன் சோர்ந்துபோகும். அப்படியென்றால் இவர் காதில் இருக்கும் அப்பா முப்பத்து மூன்றுகூட இல்லை. செல் தீர்ந்த அப்பா.

ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டின் விளிம்பில் ஆள்காட்டி விரலை மெல்ல வைத்தேன். சேகரிக்கிறவன் யாரும் செய்யக்கூடாத காரியம் அது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். பெல்ட்டில் ஓடுகிற பிளேயர், லேசாக அழுத்தினாலே வேகம் குறையும். குரல் தாழ்ந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார். அழுத்தினேன். "கூடிப்போச்சு. விடுங்க. ஆங்."

பிறகு அவரே என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் இலை வாடிவிட்டதா என்று தடவிப் பார்க்கிற விரல் போல அது தட்டின் மேல் ஏறியும் இறங்கியும் போயிற்று. குரல் ஓரிடத்தில் நின்றது. மிக மெதுவாக, கனமாக, ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து எழுந்து போகிற குரல்.

"இதுதான் சார்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்து நின்றார்.  எட்டாம் வளைவு வந்தபோது வீட்டுக்காரர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. பாட்டு தாண்டிப்போயிற்று.

"இங்க ஒரு குதி குதிக்கும்" என்றார். "எங்க ரெக்கார்டுல கீறல் உண்டு. எட்டாம் வளைவ ரெண்டு தடவை சொல்லும்."

"இதுல கீறல் இல்லீங்களே" என்றேன். நானே துடைத்து வைத்த தட்டு. வாழ்க்கையில் முதல்முறையாக, கீறல் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன்.

பாட்டு முடிந்தபின் அந்த மூன்று வளைவுகளைப் பற்றிக் கேட்டேன். அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. "மதராசுல நேரம் முடிஞ்சுபோச்சுன்னு கையைக் காட்டிட்டாங்களாம் சார். மெட்டு ஏறவுடாம நடுவழில எறக்கிவிட்டுட்டானுகன்னு அப்பா சாவுற வரைக்கும் சொல்லுவாரு."

கிளம்பும்போது, "எடுத்துட்டுப் போங்க சார், கேட்டாச்சு, அது போதும்" என்றார். சொன்னாரே தவிர, விரல் இன்னும் தட்டின் விளிம்பிலேயே இருந்தது. நான் வீட்டிலிருந்து புறப்படும்போது தட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று பலமுறை யோசித்து, கொடுப்பதில்லை என்றுதான் முடிவுசெய்திருந்தேன். அவர் கேட்டிருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. தட்டை மட்டும் விட்டால் எதில் போட்டுக் கேட்பார்? பெட்டியையும் விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. போவதற்கு முன் திருகை நாற்பத்தைந்தில் வைத்து ஒருமுறை கேட்டுவிட வேண்டும். ஆனால் அப்போதுதான் அப்பா கிடைத்த ஒருவர் முன்னால், அந்த அப்பாவைப் பெண்ணாக்கி எப்படிக் காட்டுவது? பேசாமல் பஸ் ஏறினேன். மடி காலியாக இருந்தது. கைப்பேசியிலாவது பதிந்து வைத்திருக்கலாமே என்று மறையூர் தாண்டியபிறகுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "மேட்டுக்காரிய எங்கீங்க?"

"உட்டுட்டு வந்துட்டேன்."

 அன்று அவள் கேலி செய்யவில்லை.

அதன்பிறகு எனக்கு வேறொரு வியாதி பிடித்தது. எந்த ஏழங்குலத் தட்டை எடுத்தாலும் இரண்டு வேகத்திலும் கேட்டுப்பார்க்காமல் திருப்தி இல்லை. தாளில் நாற்பத்தைந்து என்று தெளிவாக அச்சிட்டிருந்தாலும் நம்பிக்கை வருவதில்லை. அச்சிட்டவன் தப்பாக அச்சிட்டிருக்கலாமே. தாலாட்டுப் பாடுகிற ஒரு பாட்டி முப்பத்து மூன்றில் அய்யனார் கோயில் பூசாரி மாதிரி இருக்கிறாள். எது அவள் என்று யார் வந்து சொல்வார்கள்?

போன வாரம் பள்ளிவாசலிலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரு பெண்மணி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பீர்மேட்டில் கட்டிக்கொடுத்த அக்கா வந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

"சாரே, நீங்களே சொல்லுங்க. அக்கா விரல வைக்கவிட மாட்டேங்குது."

போன் கை மாறியது. "அய்யா, இவன் சின்னப்பய, இவனுக்கு என்ன தெரியும்? சாயாக்கடையில கேட்டதை அப்பாங்கான். நான் வீட்டுல கேட்டவ. விரல வச்சா, அது குடிச்சிட்டு வார அப்பா. விரல எடுத்தாத்தான் சம்பளத்தன்னைக்கு அப்பா."

"குடிச்சாலும் அப்பாதானக்கா" என்றார் தம்பி பின்னாலிருந்து.

"ஒனக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். எனக்கு வேண்டாம். அய்யா, எது சரின்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா இவன் கேப்பான்."

முப்பத்து மூன்றும் மூன்றிலொன்றும்தான் சரி. அதில் சந்தேகமே கிடையாது, கம்பெனியில் அந்த வேகத்தில்தான் பதிந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன். வாயில் வேறு வந்தது.

"அம்மா, பெட்டியில ஒரு திருகு இருக்குமுங்க. அதை நாப்பத்தஞ்சுக்குத் திருப்பி, போனைக் கிட்டத்துல வையுங்கொ. ஒருக்கா."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கரகரவென்று சத்தம், பிறகு கொட்டு. ஒண்ணாம் வளைவு, புளியமரம். இத்தனை நாள் எங்கேயோ போயிருந்துவிட்டு வந்தவள் மாதிரி, அதே தாவலோடு எண்ண ஆரம்பித்தாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நாலாம் வளைவில் அக்காவின் குரல் கேட்டது, தாழ்ந்த குரலில். "ஏல, இது அம்மா மாதிரில்லா இருக்கு."

"அம்மா என்னைக்குக்கா பாடுச்சு?"

"பாடுச்சுன்னு நான் சொன்னனா? ஏசும்போது இப்படித்தான் இருக்கும். ஒண்ணு ஒண்ணா எண்ணி எண்ணித்தான ஏசும், ஒண்ணாவது என்ன செஞ்சே, ரெண்டாவது என்ன செஞ்சேன்னு."

தம்பி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. விரலும் வைக்கவில்லை, திருகையும் திருப்பவில்லை. பாட்டு அப்படியே ஓடியது. எது சரி என்று என்னிடம் கேட்டதை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருந்தது. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஒன்பதாம் வளைவில் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவி காப்பியோடு வந்து நின்றாள். போனிலிருந்து கசிகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள்.

"ஏனுங்க, போன்ல ஆருங்க?"

"தெரியலை" என்றேன்.